அனுப்புநர்: ஸ்டார்வின் மச்சாது

ஜூன் 11, செவ்வாய்

அப்பாவுக்குக் காலைச் சொட்டு மருந்து விட்டேன். புரை எடுத்த கண்ணில் சிவப்பு குறைந்திருக்கிறது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கப் பார்த்தார், பிடுங்கி வைத்தேன். கச்சான் காற்று விடவில்லை. கொடியில் போட்ட துணியெல்லாம் மணல்.

அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் கொழும்பிலிருந்து போன். எங்கள் கப்பல் ஏஜென்சி வழியாக வெகுகாலமாகச் சரக்கு எடுக்கும் நஸீர்.

"இசக்கி மிஸ், ஸ்டார்வின் வந்திட்டாரா? அவர்ட மெயில் ஒண்டு இப்பதான் வந்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிக்கொண்டு உங்களுக்கு எடுத்தன்."

இல்லை என்று சொல்ல எனக்கு நேரமாயிற்று. அவருக்குத் தெரியும், தூத்துக்குடித் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மறுபடி சொன்னேன். போன டிசம்பரில், வெளியே நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்கு லாஞ்சுப் படகில் போன எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஸ்டார்வின் மச்சாது, கயிற்றேணியில் ஏறும்போது அலை தூக்கி அடித்து விழுந்தார். தேடினார்கள். கடல் கொடுக்கவில்லை.

"அப்ப இந்த மெயிலை யார் போட்டது?" என்றார் நஸீர்.

இணைப்பைத் திறக்க வேண்டாம், அப்படியே எனக்கு அனுப்புங்கள் என்றேன். மெயில், கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் என் பொறுப்பு. வேறு யாரைக் கேட்பார்?

ஜூன் 12, புதன்

நஸீருக்கு வந்த மெயிலைப் பிரித்துப் பார்த்தேன். அனுப்புநர் இடத்தில் ஸ்டார்வின் பெயர், அவர் முகவரி. மேலே இரண்டு வரி ஆங்கிலம்: இணைப்பைப் பார்த்துச் சீக்கிரம் பதில் போடவும். கீழே ஸ்டார்வின் போன வருஷம் நஸீருக்கு நிஜமாகவே எழுதியது. வெங்காயக் கன்டெய்னர் பற்றி. அவருடைய எழுத்துப் பிழைகளோடு.

முதலாளி குணசீலன் அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தவர் சட்டென்று கழற்றினார்.

"எப்படிம்மா இது? நம்ம பூட்டு ஒடஞ்சு போச்சா?"

"இது நம்ம சர்வர்ல இருந்து போகவே இல்ல அண்ணாச்சி. தபால் கவர்ல அனுப்புநர்னு யாரு பேரையும் யாரும் எழுதலாம்லா? போஸ்ட்மேன் கேக்கப்போறானா? மெயிலும் அப்படித்தான்."

"கேக்க வைக்க முடியாதா?"

முடியும். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு உரிமை என்று ஊரறிய அறிவிக்கலாம். போகும் ஒவ்வொரு மெயிலிலும் எங்கள் கையெழுத்து விழும்படி செய்யலாம். அதைக் கள்ளத்தனமாகப் போட முடியாது. கடைசியாக, இரண்டும் பொருந்தாத எதையும் எங்கள் பெயரில் ஏற்காதீர்கள் என்று உலகத்து மெயில் சர்வர்களுக்கெல்லாம் சொல்லி வைக்கலாம். ஆனால் அதை எடுத்தவுடன் செய்தால் நம் உண்மையான மெயில்களும் அடிபடும். முதலில் கொஞ்ச நாள் வெறுமனே கவனிக்க வேண்டும்.

"செய்யும்மா. செத்தவன் பேர வெச்சு வெளையாடுறானுவ," என்றார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார். எங்கள் அலுவலகத்தில் அந்த வார்த்தையை இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஜூன் 14, வெள்ளி

காற்றில் மாடி கேபிள் அறுந்தது. அப்பாவுக்கு மருந்து. ஸ்டார்வினின் மெயில் பெட்டியில் நேற்றுப் படிக்கப்படாமல் இருந்தவை இன்று படித்ததாகக் காட்டுகின்றன.

ஜூன் 17, திங்கள்

சர்வர் பட்டியலை அறிவித்தாயிற்று. கையெழுத்தும் தயார். 'கவனிக்க மட்டும்' என்ற நிலையில் வைத்திருக்கிறேன். இனி உலகத்தில் எங்கே எங்கள் பெயரில் மெயில் வந்தாலும் அந்தந்த சர்வர்கள் எனக்கு அறிக்கை அனுப்பும்.

மதியம் எனக்கே ஒன்று வந்தது. அனுப்புநர்: ஸ்டார்வின் மச்சாது.  போலி என்று தெரிந்த பிறகும் சிறிது நேரம் மூடவில்லை. கீழே இருந்தது அவர் எனக்குப் போன வருஷம் எழுதியது. பிரிண்டர் டோனர் சம்பந்தமான மெயில். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார். "நீங்க ஒரு ஆள் இருக்கப்போய் இந்த ஆபீஸ் ஓடுது." அவ்வளவுதான்.

நஸீருக்கு எழுதியது, எனக்கு எழுதியது. இரண்டும் சேர்ந்து இருக்கும் இடம் ஒன்றுதான்: அவருடைய பெட்டி. யாரோ அதற்குள்ளிருந்து அள்ளியிருக்கிறார்கள். அந்தப் பெட்டி இன்னும் மூடப்படவில்லை. சுங்கத்துறை பழைய கேள்விகள் கேட்டால் தேவைப்படும் என்று வைத்திருக்கிறேன். தினமும் ஒருமுறை பார்ப்பது வேலை நிமித்தம்.

கடவுச்சொல்லை மாற்றலாம். நாளை மாற்றலாம்.

ஜூன் 20, வியாழன்

ஜாக்லின் அக்கா அலுவலகம் வந்தார். ஸ்டார்வினின் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். டிசம்பருக்குப் பிறகு இங்கே கால் வைத்ததில்லை. இரண்டு பக்கமும் எலும்பு தெரிகிற கழுத்தில் தாலி இருந்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் நேரே என் மேசைக்கு வந்து போனை நீட்டினார்.

"இசக்கி, இதப் பாரு. அவிய மெயில் போட்டிருக்காவ."

ஸ்டார்வினின் படத்தோடு அவர் பெயர். மேலே அதே இரண்டு வரி ஆங்கிலம். கீழே: "கரைக்கு வந்ததும் கூப்பிடுறேன். சிக்னல் இல்ல."

சிக்னல் இல்லாத இடத்தில் மெயில்தான் எப்படியாவது போய்ச் சேரும் என்று ஸ்டார்வின் சொல்வார். கப்பலிலிருந்து வீட்டுக்கும் அலுவலக முகவரியிலிருந்தே எழுதுவார்.

"அக்கா, இது அவிய எழுதினதுதான். ஆனா பழசு. யாரோ எடுத்து மறுபடி அனுப்பிருக்கான்."

"யாரு?"

"தெரியல. கள்ள மெயில் அனுப்புறவன்."

"எங்கருந்து வந்திருக்கு? அது தெரியும்லா ஒனக்கு?"

பிரித்துப் பார்த்தேன். தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டாம். "வியட்நாம்ல உள்ள ஒரு சர்வர்ல இருந்து..."

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

"அந்தக் கப்பல் அடுத்து எங்க போச்சு? கெழக்கதான போச்சு?"

"அக்கா, அப்படி இல்ல. சர்வர்னா அது ஒரு மெஷின். ஆளு எங்க வேணும்னாலும்..."

"வேற ஏதாவது கப்பல்காரன் தூக்கிருப்பான், இசக்கி. கடல்ல விழுந்தவன வேற கொடிக்காரன் தூக்கிட்டுப் போய் எங்கயோ எறக்கினது இல்லையா? பேப்பர்ல வரலையா?"

அவர் அழவில்லை. சிரித்தார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஜூன் 24, திங்கள்

அண்ணாச்சி சொன்னார்: ஜாக்லின் துறைமுகக் காவல் நிலையத்துக்குப் போய் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். "ஆபீஸ்ல மெயில் பாக்குற பொண்ணே சொல்லிட்டுது, வியட்நாம்ல இருந்துதான் வந்திருக்குன்னு." பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறார். பனிமய மாதா திருவிழா முடிந்ததும் நினைவுத் திருப்பலி வைக்கலாம் என்று ஸ்டார்வினின் அண்ணன் கேட்டதற்கு, உயிரோடு இருக்கிற ஆளுக்குப் பூசை வைப்பீர்களா என்று கத்தினாராம்.

"நீ போய்ப் பேசும்மா," என்றார் அண்ணாச்சி.

"நான் என்ன பேச அண்ணாச்சி?"

"நீ சொன்னாத்தான் நம்புவா."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டே குழம்பைத் தாளித்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஏ பிள்ள, அந்த ஆளு பேரச் சொல்லும்போது மட்டும் ஒன் கொரலு ஏன் சின்னதாவுது?" என்றார். கடுகு வெடிக்கிற சத்தத்தில் அப்படித் தோன்றியிருக்கும்.

ஜூலை 1, திங்கள்

அறிக்கைகள் வர ஆரம்பித்துவிட்டன. எங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாமோ அனுப்புகிறார்கள். நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்கள். பெரும்பாலும் ஸ்டார்வின் முகவரி. நடுநடுவே எங்கள் மெயில்களும் பொருந்தாமல் கிடக்கின்றன: மாடி ஸ்கேனர், பில் அனுப்பும் சாஃப்ட்வேர், துறைமுகக் கிளை அலுவலகம். ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறேன். அதுவரை கதவைப் பூட்ட முடியாது.

காலையில் நானே அவர் பெட்டிக்கு ஒரு மெயில் அனுப்பி, திறக்காமல் வைத்தேன். சோதனைக்காக. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் படிக்கப்பட்டிருந்தது. அறையில் யாருமில்லை. ஏ.சி. சத்தம் மட்டும். அவர் நாற்காலியை ஏனோ திரும்பிப் பார்த்தேன். அதன் மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.

சர்வர் பதிவுகளை எடுத்தேன். பெட்டியைத் திறப்பது வியட்நாம் இல்லை. இந்த ஊர். ஒரு வீட்டு இன்டர்நெட் இணைப்பு.

யார் வீடு என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் டிசம்பரிலிருந்து அந்தப் பெட்டியில் வந்து விழுந்ததையெல்லாம்...

தலை வலிக்கிறது.

ஜூலை 3, புதன்

அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறதாம். வேறொன்றும் இல்லை.

ஜூலை 8, திங்கள்

மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு லயன்ஸ் டவுனில் ஜாக்லின் அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில் ஸ்டார்வினின் பழைய லேப்டாப் திறந்திருந்தது. அவர் பெட்டிதான் திரையில்.

"பாத்துட்டியா?" என்றார். "நீ கண்டுபிடிப்பன்னு தெரியும். தெனம் பாப்பேன். யாராவது அவியளப் பத்தி எழுதியிருக்க மாட்டாவளான்னு. வர்றது எல்லாத்தையும் தொறப்பேன். ஒண்ணு விட மாட்டேன்."

"இணைப்பெல்லாம்?"

"எல்லாம்தான். கூரியர்னு ஒண்ணு வந்துச்சு. எங்கயோ அவிய சாமான் கெடச்சு அனுப்பிருக்காங்கன்னு நெனச்சேன். தொறந்தா ஒண்ணுமில்ல, வெள்ளையா நின்னுச்சு."

அதுதான் வழி. அந்த இணைப்பு உள்ளே வந்து உட்கார்ந்து பெட்டியிலிருந்த மெயில்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இப்போது அவர் வார்த்தைகளை வைத்தே அவர் பெயரில் எல்லோருக்கும் எழுதுகிறார்கள். நான் சொல்லச் சொல்ல ஜாக்லின் அக்கா மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நாந்தான் அவிய வார்த்தையத் திருடக் கொடுத்தேன்."

"இல்லக்கா. அந்தப் பெட்டிய மூடாம வெச்சிருந்தது யாரு?"

ஜாக்லின் அக்கா மடித்த ஓரத்தை நீவிவிட்டார். பிறகு அவர், "நீ சொல்றது ஒரு பக்கம் வெளங்குது. ஆனா நூத்துல ஒரு பங்கு அவியளா இருந்தா? நான் இங்க ஒக்காந்துகிட்டு இருந்தா?" என்றார்.

பேச்சால் முடியாது என்று தெரிந்தது. என் பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்தேன். சோதனைக்காக நான் சொந்தமாக வைத்திருக்கும் சர்வர் ஒன்று உண்டு. கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

"அக்கா, போனக் கையில வெச்சுக்கோங்க. இப்ப நான் இங்கருந்து, ஒங்க கண் முன்னால, அவிய பேர்ல ஒங்களுக்கு ஒரு மெயில் அனுப்பப் போறேன். எந்தக் கடவுச்சொல்லும் இல்லாம. பாத்துக்கிட்டே இருங்க."

அனுப்புநர் இடத்தில் ஸ்டார்வின் பெயரை அடித்தேன். இரண்டுமுறை அழித்து அடித்தேன்.

"என்ன எழுதட்டும்?"

சோதனை என்று ஏதாவது எழுதிவிட்டிருக்கலாம். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஜாக்லின் அக்கா என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டியது. 

"வரமாட்டேன்னு எழுது."

"அக்கா..."

"எழுது பிள்ள. யாராவது எங்கிட்ட அதச் சொல்லணும்லா. இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. தேடுறோம்னாவ, பாப்போம்னாவ, ஜெபம் பண்ணுங்கன்னாவ. அவிய பேர்லயே வரட்டும்."

எழுதினேன். ஸ்டார்வின் அடிக்கிற மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழ். ஜாக்லின், நான் வரமாட்டேன்.

அனுப்பினேன். போன் அவர் கையிலேயே அதிர்ந்தது. கப்பல் சங்கு மாதிரி ஒரு சத்தம். ஸ்டார்வினுக்கென்று தனியாக வைத்திருக்கிறார். திரையில் அந்தப் படம், அந்தப் பெயர். ஜாக்லின் அக்கா படித்தார். உதடு அசைய இன்னொருமுறை படித்தார். பிறகு போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயிலிருந்து சத்தமே வராமல், நாற்காலியில் முன்னும் பின்னுமாக ஆடினார். நான் போய் அவர் தோளைப் பிடித்தேன். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

நான் எழுதியதுதான். என் கண் முன்னால் நானே அடித்ததுதான். ஆனாலும் அந்தப் போனைப் பார்த்தபோது அவரே சொன்னது போலத்தான் எனக்கும் இருந்தது.

கிளம்பும்போது வாசலில் சொன்னார்: "டிசம்பருக்குப் பொறவும் நீ மத்தியானம் மத்தியானம் அவியளுக்கு எழுதுறதெல்லாம் படிச்சிருக்கேன் இசக்கி. முதல் மாசம் ஆத்திரமா வந்துச்சு. ஒன் தலைமுடியப் பிடிச்சு இழுக்கணும்போல இருந்துச்சு. பொறவு தெனம் நீ எழுதிட்டியான்னு பாக்க ஆரம்பிச்சேன்."

அலுவல் விஷயம்தான் எழுதினேன் என்றேன்.

"ஆமா," என்றார். "அலுவல்தான்."

ஜூலை 9, செவ்வாய்

ஜாக்லின் அக்காவின் லேப்டாப்பை முழுக்கத் துடைத்துக் கொடுத்தேன். ஸ்டார்வின் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினேன்.

ஜூலை 15, திங்கள்

பொருந்தாதவற்றைக் குப்பைக்கு ஒதுக்கச் சொல்லி ஒரு படி ஏற்றினேன். நஸீர் போன் செய்து, "இப்ப அவர்ட மெயில் ஸ்பாமுக்குள்ள போகுது மிஸ். பாக்க ஒரு மாதிரி இருக்கு," என்றார். எனக்கும்தான். ஸ்கேனர் சரியாகிவிட்டது. பில் சாஃப்ட்வேர்காரர்கள் இன்னும் இழுத்தடிக்கிறார்கள்.

அப்பா கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். என்னைப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்றார்.

ஜூலை 22, திங்கள்

பில் சாஃப்ட்வேரும் பொருந்திவிட்டது. எங்கள் மெயில் எதுவும் இனி அடிபடாது. காலையில் அறிவிப்பின் கடைசி வரியை மாற்ற உட்கார்ந்தேன். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: நிராகரி. அடித்துவிட்டு, சேமிக்காமல், டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பிரிண்டருக்குக் காகிதம் வைத்தேன். துறைமுகக் கிளையின் போனை எடுத்தேன். பிறகு ஜாக்லின் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இன்னிக்குப் பூட்டப் போறேன். இனி அவிய பேர்ல யாரும் அனுப்ப முடியாது. அனுப்பினாலும் வாசல்லயே திருப்பிருவாங்க."

"சரி."

"போடட்டுமா?"

"ஏன் எங்கிட்டக் கேக்க?"

 போனில் அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. "போடு," என்றார்.

சேமித்தேன். அறிவிப்பு எல்லா இடமும் பரவச் சிறிது நேரம் ஆகும் என்று சொல்லி வைத்தேன். மாலை நான்கு மணி வாக்கில் அவரே கூப்பிட்டார்.

"இசக்கி, அன்னிக்கு மாதிரி ஒண்ணு அனுப்பு."

"அக்கா, வராதுக்கா."

"வராதுன்னு பாக்கணும். அனுப்பு."

அதே சர்வர், அதே பெயர். இந்தமுறை ஒன்றும் எழுதவில்லை, வெறுமனே அனுப்பினேன். உடனே எனக்குத் திரும்பி வந்தது: அனுப்புநரின் நிறுவனம் இதை ஏற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அந்த நிறுவனம் நான்தான்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

இருவரும் காத்திருந்தோம். எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சங்குச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டது.

"வரல," என்றார் ஜாக்லின் அக்கா.

"ஆமாக்கா."

"சரி," என்றார். "திருவிழா முடிஞ்சதும் பூசை வெச்சுருவோம். அவிய அண்ணன்கிட்டச் சொல்லிருதேன்."

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயிலில் கொடியேற்றம். ஊர் முழுக்கக் கூட்டம். பஸ் கிடைக்காமல் நடந்தே வந்தேன். இன்று ஸ்டார்வினின் பெட்டியை மூடினேன். சுங்கத்துறைக்கு வேண்டியதைத் தனியே எடுத்து வைத்தேன். மற்றதை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

பூசைக்குப் போனேன். கடைசி பெஞ்சில் தூண் மறைவில் உட்கார்ந்தேன். தொடங்குவதற்கு முன் ஜாக்லின் அக்கா எழுந்து நடுப்பாதை வழியாகப் பின்னால் வந்தார். கழுத்தில் தாலி இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முன்னால வா."

"இங்க இருக்கேன்க்கா."

"வா பிள்ள." கையைப் பிடித்து அழைத்துப்போய் தனக்கும் மகளுக்கும் அடுத்தாற்போல உட்கார வைத்தார். சொந்தக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். யார் என்று ஒருவர் கேட்டதற்கு, "ஆபீஸ்ல இருந்து," என்றார்.

சாமியார் பெயரைச் சொன்னார். ஸ்டார்வின் மச்சாது. பல மாதமாகத் திரையில் மட்டுமே பார்த்த பெயர். ஒரு மனிதர் வாயால் முழுதாகச் சொல்லிக் கேட்டபோது எனக்கு என்ன ஆனது என்று எழுத முடியவில்லை. மகள் தன் கைக்குட்டையை என்னிடம் கொடுத்தாள்.

வெளியே வரும்போது ஜாக்லின் அக்கா சொன்னார். "பெட்டியத்தான் மூடிட்டியே. இப்ப மத்தியானம் ஆனா எனக்குக் கை பரபரன்னு வருது. ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னே தெரியல. எனக்கு எழுது."

"என்னத்த எழுத?"

"அவியளுக்கு என்ன எழுதுனியோ அத."

ஆகஸ்ட் 9, வெள்ளி

அறிக்கைகள் வந்திருந்தன. நேற்றும் எங்கெங்கோ ஸ்டார்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு மெயில்கள் வாசலுக்கு வந்திருக்கின்றன. பூசை நடந்த நேரத்திலும். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நிற்காது. நான் இங்கே வேலை பார்க்கும்வரை ஒவ்வொரு காலையும் வந்துகொண்டே இருக்கும். படித்துவிட்டு மூடினேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு புதிய மெயில் ஒன்றைத் திறந்தேன். பெறுநர் இடத்தில் கர்சர் நின்றதுமே, நான் எதுவும் அடிப்பதற்கு முன்பே, கம்ப்யூட்டர் பழக்கத்தில் அவர் பெயரை எடுத்துக் காட்டியது. சிறிது நேரம் அப்படியே விட்டிருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு ஜாக்லின் அக்காவின் முகவரியை எழுத்தெழுத்தாக அடித்தேன்.

அக்கா, இன்று காலை ஆறாவது கப்பல் தளத்தில் கிரேன் நின்றுவிட்டது. அண்ணாச்சி கத்திய கத்து துறைமுகத்துக்கே கேட்டிருக்கும்.